மாற்று மருத்துவர் பெயர்

முருகன் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அந்த மலையடிவாரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எனக்கு ஒரு நாளும் தணிந்ததில்லை. அதிலும் ஷாலினி டாக்டர் விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷாலினிக்கு இருபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை சிஸ்டர் என்பாள். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் நிர்மலாக்கா. அந்த உரிமையில்தான் இங்கே அவள், இவள் என்று எழுதுகிறேன். பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா வேடியப்பன் கரும்பு வெட்டும் கூலிக்குப் போகிறவர். அம்மா களையெடுக்கப் போவார். சொந்த மார்க்கில் அரசுக் கல்லூரியில் இடம் வாங்கி, அந்த ஊரிலிருந்து வந்த முதல் டாக்டர் அவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அவசரப் பிரிவில் சேர்ந்தபோது, மத்தியானம் ஒரு மணி ஆனால் டப்பாவைத் திறந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். பார்க்கவே நன்றாக இருக்கும்.

அந்தப் பழக்கத்தை ஆறே மாதத்தில் ஒழித்துக்கட்டியது எங்கள் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவுக்கு ஐந்து டாக்டர்கள் வேண்டும். இருந்தது மூன்று பேர். இரண்டு நாள் பகல் டூட்டி. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வந்தால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வீடு. அதற்கடுத்த நாள் ராத்திரி மட்டும். பிறகு மறுபடியும் பகல். எந்த நாள் எப்போது தூங்குவது என்று உடம்புக்கே தெரியாத கணக்கு அது. இதைப் போட்டுக் கொடுத்த மேலாளர் சடகோபன் தினமும் ஒன்பதரைக்கு வந்து ஐந்தரைக்குக் கிளம்புகிறவர். மத்தியானம் அவர் அறைக் கதவு ஒரு மணி நேரம் சாத்தியிருக்கும். சாப்பாட்டு நேரம், தட்டக் கூடாது.

முதலில் வயிற்று எரிச்சல் வந்தது. பிறகு எதைத் தின்றாலும் உப்புசம். நான்கு நாள் வெளியே போகாது, ஐந்தாம் நாள் நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடுவாள். ஒருநாள் காலை டூட்டி முடிந்து, கண் சிவந்து, ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"இன்னா மேடம், ஊர் வயித்தையெல்லாம் பாக்குறீங்க, உங்க வயித்த யாரு பாக்குறது?"

"குடலுக்கும் ஒரு கடிகாரம் இருக்குதுக்கா. தூங்க வேண்டிய நேரத்துல முழிச்சிகினு, அப்பப் போய் பன்னும் டீயும் உள்ள தள்ளுனா அது இன்னாதான் பண்ணும்? இதுல பயம் வேற. ஒவ்வொரு போன் அடிக்கறப்பவும் வயிறு சுருட்டிகினு வருது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் தெரிந்தவள். தெரிந்து என்ன பிரயோஜனம்? தூக்கம் கெட்டதால் தலைவலி. தலைவலிக்கு வலி மருந்து, அதுவும் வயிற்றைப் புண்ணாக்கும் என்று தெரிந்தே வெறும் வயிற்றில். மருந்துக் கம்பெனி ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகிற சாம்பிள் மாத்திரைகள் மேசை இழுப்பறை நிறையக் கிடக்கும். எரிச்சல் வந்தால் அதிலிருந்து அமிலத்தை அடக்கும் மாத்திரை ஒன்று. எரிச்சல் அடங்கினால் மாத்திரை ஞாபகமே வராது. மாத்திரைக்கு அடங்காத தலைவலிக்கு அதே வலி மருந்து ஊசியாக. அந்த ஊசியைப் போட்டது யார்? நான்தான். "சாப்ட்டீங்களா" என்று கேட்பேன். "ஆங், ஆச்சுக்கா" என்பாள். பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். சடகோபனைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும், திட்டிக்கொள்கிறேன்.

பங்குனியில் ஆள் வெளுத்துப்போனாள். நானே ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் எட்டு, பன்னிரண்டாவது இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வருகிற ரத்தக்குறைவுதான் என்று அவளே முடிவுகட்டி, இரும்புச் சத்து மாத்திரை போட ஆரம்பித்தாள். ஒரு மாதம் கழித்து, நோயாளிகளைக் கேட்கிற பழக்கத்தில் அவளையும் கேட்டேன்.

"கறுப்பா எதுனா போவுதா மேடம்?"

"ஆங், போவுது. இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தானக்கா போவும்."

உண்மைதான், இரும்பு மாத்திரைக்கும் மலம் கறுக்கும். வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். வேறொரு பெண் வந்து, வயிறு எரிகிறது, ரத்தம் குறைந்திருக்கிறது, கறுப்பாகப் போகிறது என்று மூன்றையும் சொல்லியிருந்தால் ஷாலினி அந்த நிமிடமே படுக்கையில் சேர்த்திருப்பாள். தன் விஷயத்தில் மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று சமாதானம் வைத்திருந்தாள். டாக்டராக இல்லாதவளுக்கு இந்தத் தப்பு வந்தே இருக்காது. பயந்து யாரிடமாவது காட்டியிருப்பாள்.

நான் நச்சரித்து நச்சரித்து, குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனைக்கு வேலூரில் நாள் வாங்க வைத்தேன். அங்கேதான் எங்கள் ஆஸ்பத்திரியின் அருமையான சட்டம் குறுக்கே வந்தது. லீவு படிவத்தில் 'மாற்று மருத்துவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். லீவு கேட்பவரே ஆளைப் பிடித்து அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாத படிவத்தைச் சடகோபன் கையால் தொடமாட்டார்.

முதல் தடவை, மூன்று பேரில் ஒருவரான டாக்டர் சூர்யபிரகாஷ் ஒப்புக்கொண்டார். போக வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது என்றுவிட்டார். இரண்டாம் தடவைக்குள் மூன்று டாக்டரில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மூன்றாம் தடவை ஆடி மாதம். சடகோபன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்.

"கிருத்திகை முடியட்டும் மேடம். இந்தக் கூட்டத்துல நீங்களே போயிட்டா நான் யார வெச்சிகினு சமாளிக்கறது? ஒரு வாரம் பொறுத்துக்க மாட்டீங்களா?"

"சரிங்க சார்" என்றாள். அந்த 'சரிங்க சார்' மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்னும் போகவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் தெரு தெரியாது, தலைதான் தெரியும். இந்தப் பக்கத்து ஜனம் பாதி, ஆந்திராப் பக்கத்து ஜனம் பாதி. காவடி எடுத்து, வெயிலில் படியேறி, மயங்கி விழுந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி வந்துகொண்டே இருந்தார்கள். ஷாலினி வந்து இருபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின ராத்திரி வலி ஊசி வேறு போட்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவருக்கு நாடி பார்த்தபடி, "காலைலேர்ந்து இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"விரதம்மா. பச்சத் தண்ணிதான்."

"வெறும் வயித்தோட ஏறலாமா? உடம்பு தாங்க வேணாவா?" என்று அதட்டினாள். அதட்டிய வாய் மூடவில்லை, கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தது. அதற்குப் பின்னால் சிவப்பாக வந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாடி நூற்று முப்பது. அந்த நிலைமையிலும், "ரெண்டு கையிலயும் ஊசி போட்டு டிரிப் ஏத்துங்கக்கா, ரத்தத்துக்குச் சொல்லுங்க, வேலூருக்கு போன் பண்ணுங்க" என்று தனக்குத் தானே வைத்தியம் சொன்னாள். நான் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சடகோபன் ஓடி வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, என் காதால் கேட்டேன், "சாயங்காலத்துக்கு ஆளு யாரு மேடம்?" என்றார்.

நான் சொன்னதை அச்சில் போட முடியாது. பதினேழு வருடச் சம்பளத்தையும் மறந்துவிட்டுச் சொன்னேன். அவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

ஆம்புலன்ஸ் வெளியே வந்தபோது தெரு முழுக்கக் காவடி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் பாரத்தோடு, வெறுங்காலோடு, ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள். ஷாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வேலூரில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, குழாய் விட்டு, கசிந்த இடத்தை அடைத்தார்கள். ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார்.

நான்காம் நாள் பார்க்கப் போனேன். கஞ்சி குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டில் பக்கத்தில் வேடியப்பன், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாலினியின் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து லீவு படிவம் வந்திருந்தது. நிரப்பி அனுப்பவும் என்று கீழே ஒரு வரி. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை.

"சூர்யா சார கேட்டுப் பாருங்கக்கா, ஒரு வாரத்துக்கு முடியுமான்னு" என்றாள் என்னிடம். குரலே எழும்பவில்லை.

"இன்னாம்மா அது?" என்று வேடியப்பன் கேட்டார்.

"லீவு லெட்டர் நைனா. நான் போவாத நாளுக்கு வேற ஆளு யாருன்னு நான்தான் எழுதணும்."

அவர் அந்தப் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நான் நாப்பது வருசமா கரும்பு வெட்டப் போறேன். காய்ச்சல்னா வரலன்னு சொல்லியனுப்புவேன், அவ்ளோதான். ஆளு தேடறது மேஸ்திரி வேல. என்னை எந்த மேஸ்திரியும் உனக்குப் பதிலு ஆளு கொண்டான்னு கேட்டதில்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்காம்மா உன்னைப் படிக்க வெச்சேன்?"

ஷாலினி போனை வாங்கி, பெயர், தேதி, காரணம் எல்லாவற்றையும் நிரப்பினாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள்.