லில்லியின் இருமலைத் தேடி வல்லம் வரை

எங்கள் வீட்டில் அப்பா இருமினால், அது என்ன இருமல் என்று அம்மா சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவாள். தூசி இருமல், யாருக்கும் தெரியாமல் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்த இருமல், டிவியில் செய்தி ஓடும்போது நாங்கள் பேசுவதை நிறுத்துவதற்கான இருமல் என்று தனித்தனிப் பெயர்கூட வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலை நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ கனமாக இருமினார்கள். உள்ளேயிருந்து அம்மா, "என்னங்க, வெந்நீ வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்பா அப்போது காய்கறி வாங்கப் போயிருந்தார். இருமியது எதிர்வீட்டுப் பால்காரரின் மாடு.

வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். முப்பது வருட அனுபவமுள்ள அம்மாவையே ஏமாற்றும் அளவுக்கு மாட்டு இருமலும் மனித இருமலும் ஒன்றுபோல் இருக்குமானால், மனித இருமலைக் கேட்டு நோயைச் சொல்லப் பழகும் செயலியை மாட்டுக்கும் ஏன் பழக்கக்கூடாது? மாட்டின் நெஞ்சில் ஒரு மைக்கை வைத்தால் போதும், இந்தியாவின் மாடுகள் பிழைத்தன என்று முடிவு செய்துவிட்டேன். வாய் கொப்பளித்தது அதற்குப் பிறகுதான்.

நான் மின்னணுவியல் படித்துவிட்டு விழுப்புரத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்ப்பவன். மாடு பால் தரும், சாலையில் குறுக்கே நிற்கும் என்ற அளவில்தான் அதைப் பற்றித் தெரியும். ஆனால் என் பெரியம்மா மகள் சுகன்யா அக்கா கால்நடை மருத்துவர். திண்டிவனத்தில் இருக்கிறாள். வேலைக்கு இடையே மாடுகளின் நுரையீரல் நோய்களைப் பற்றி ஆராய்ச்சியும் செய்கிறாள். போன் போட்டு என் யோசனையை ஒரே மூச்சில் சொன்னேன்.

"வா. பழைய சட்ட போட்டுக்கினு வா. அப்புறம், வாய மூடிக்கினு வா" என்றாள்.

காலை ஆறரை மணிக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் போகும் வண்டியில் ஏறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட்டும் நாற்பது ரூபாய். என் பையில் ஒரு ஸ்டெதாஸ்கோப் இருந்தது. அதன் ரப்பர் குழாயை வெட்டி, உள்ளே சட்டையில் குத்தும் சின்ன மைக்கைச் செருகி, கறுப்பு டேப்பைச் சுற்றி, போனில் நானே எழுதிய செயலியோடு இணைத்திருந்தேன். பையின் ஜிப் சரியாக மூடாததால் ஸ்டெதாஸ்கோப்பின் தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வருவதற்குள் பேருந்தில் பாதிப்பேருக்கு நான் டாக்டர் ஆகியிருந்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. மயிலம் போவதற்காகக் கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டியவர். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"மூணு நாளா நெஞ்சுல கர்ருனு இருக்குது சார். வச்சிப் பாருங்களேன்."

"நான் மாட்டுக்குத்தாங்க பாக்கப் போறேன்."

"அதனால பரவால்ல. வூட்ல என்ன அப்பிடித்தான் கூப்புடுறாங்க."

மறுக்க முடியவில்லை. வைத்துக் கேட்டேன். பேருந்தின் இன்ஜின்தான் கேட்டது. நன்றாக ஓடுகிறது என்றேன். திருப்தியாக இறங்கிப் போனார்.

எட்டு மணிக்குள் திண்டிவனம். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரிகளுக்கும் சென்னைக்கு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும் நடுவே அக்கா ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். கால் வைக்கும் இடத்தில் ஒரு ஐஸ் பெட்டி. ஆராய்ச்சிக்காக மாட்டு மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் சளியை அதில் வைத்துதான் ஆய்வகத்துக்கு அனுப்புவாளாம். அன்றைக்கு அதன் மேல் இன்னொரு சின்ன டப்பாவும் இருந்தது. அது மதியத்துக்கான தயிர்சாதம் என்று தெரிந்ததும் எனக்கு அன்றைய பசி அடங்கிவிட்டது.

முதலில் அக்கா வேலை பார்க்கும் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். அங்கே சினை ஊசிக்கு வந்திருந்த ஒரு சாதுவான பசு கிடைத்தது. என் கருவியை அதன் மேல் வைத்தேன். காதுக்குள் இடி இடித்தது. மலையில் பாறை உருளுவது போன்ற ஓசை, நிமிடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ. அக்காவைக் கூப்பிட்டு, இந்த மாட்டுக்கு நுரையீரலே போய்விட்டது என்றேன். வெளியே நின்ற மாட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது.

அக்கா என் கையைப் பிடித்து இரண்டு முழம் முன்னால் நகர்த்தினாள். "இடது பக்கம், இவ்ளோ பின்னாடி வச்சா வயிறுதான்டா கேக்கும். நல்ல வயிறு." மாட்டுக்காரரிடம் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

பத்து மணிவாக்கில் அக்காவுக்குப் போன் வந்தது. வல்லத்தைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஆரோக்கியசாமி என்பவர். அவருடைய எட்டு மாதச் சினைமாடு இரண்டு நாளாக இருமுகிறது, தீனி தொடவில்லை, ஊரில் எல்லோரும் தொண்டை வீங்கி மாட்டைக் கொல்லும் தொண்டை அடைப்பான் என்கிறார்கள். கொட்டகையில் இன்னும் கன்று போடாத கிடேரி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ஒட்டிக்கொள்வதற்குள் மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று தரகரை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் டாக்டரம்மா வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

செஞ்சி சாலையில் ஸ்கூட்டர் பறந்தது. அக்கா தலையைத் திருப்பாமலே கத்திப் பாடம் நடத்தினாள். மாட்டுக்கு உடம்பு பெரிது, அந்த உடம்புக்கு நுரையீரல் சிறிது. அதனால் அதில் கொஞ்சம் கெட்டாலும் மாடு திணறிவிடும். கிருமி மட்டும் தனியாக வந்து நோயாக்குவது குறைவு. தூசி, லாரிப் பயணம், அடைத்த கொட்டகை என்று ஏதாவது ஒன்று கதவைத் திறந்துவிட, கிருமி பின்னால் நுழையும். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: மாட்டின் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே, வலப்பக்க நுரையீரலின் முன்பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு கிளை போகிறதாம். வழிதவறி இறங்குவது எதுவானாலும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். பின்சீட்டில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபோது, தொண்டை அடைப்பானாகவே இருக்கட்டும், என் கருவி முதல் நாளே ஒரு பெரிய நோயைப் பிடிக்கட்டும் என்று ஒரு ஆசை உள்ளே ஓடியது உண்மை.

அந்த ஆசை கொட்டகை வாசலோடு போயிற்று. உள்ளே சுவரில் அந்தோணியார் படம், அதன் கீழே கழுத்து நீட்டி நின்ற மாடு. பழுப்பு நிற ஜெர்சி கலப்பு. பெயர் லில்லி. மூக்கு ஒழுகியது, மூச்சு விடும்போது விலா இரண்டும் ஏறி இறங்கின. ஆரோக்கியசாமியின் மனைவி செல்வராணி அதன் நெற்றியில் கை வைத்தபடி எங்களைப் பார்த்தார். அந்தக் கை கடைசி வரை அங்கிருந்து நகரவில்லை.

அக்கா தெர்மாமீட்டரை வைத்துவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். நான் கருவியோடு இருமலுக்காகக் காத்திருந்தேன். லில்லி இருமவில்லை. நான் கஷ்டப்படுவதைப் பார்த்து ஆரோக்கியசாமி, இப்படித்தான் இருமியது என்று ஒருமுறை இருமிக் காட்டினார். செல்வராணிக்கு அது பிடிக்கவில்லை.

"அது பொம்பள மாடு. நீங்க லாரி மாதிரி இருமுறீங்க" என்றவர், தானே இருமிக் காட்டினார். வேலிக்கு வெளியே நின்ற பக்கத்து வீட்டுக்காரரும் தனக்குக் கேட்ட விதத்தில் ஒன்று இருமினார். மூன்றையும் பதிவு செய்துகொண்டேன்.

அக்கா லில்லியின் வலது முன்னங்காலை ஓரடி முன்னால் வைக்கச் செய்து, தோளுக்கு அடியில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தி வெகுநேரம் கேட்டாள். பிறகு என்னையும் கேட்கச் சொன்னாள். சூடான சட்டியில் கடுகு வெடிப்பது போலிருந்தது. இடப்பக்கம் அந்தச் சத்தம் இல்லை. வலது முன்பகுதி. ஸ்கூட்டர் பாடம் நினைவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கண்ணாலேயே வாயை மூடச் சொன்னாள்.

"தொண்ட வீங்கல. மாட்டுக்கு எதனா ஊத்துனீங்களா?" என்று இருவரையும் கேட்டாள்.

எதுவும் ஊற்றவில்லை என்றார் ஆரோக்கியசாமி. செல்வராணியும் அதையே சொன்னார். சொல்லும்போது இருவருமே அந்தோணியார் படத்தைப் பார்க்கவில்லை.

அக்கா வற்புறுத்தவில்லை. என்னைக் காட்டி, இவன் டவுன் பையன், வயிறு உப்பின மாட்டுக்கு எண்ணெய் எப்படி ஊற்றுவார்கள் என்றுகூடத் தெரியாது, கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள் என்றாள். ஆரோக்கியசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதைவிட எனக்கு வந்துவிட்டது. என்னையே மாடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்த கட்டுத்தறியோரம் உட்கார்ந்தேன்.

"தலைய நல்லா தூக்கணும் தம்பி. மூஞ்சி வானத்தப் பாக்கணும். நாக்க ஒரு பக்கமா இஸ்த்துப் புடிச்சிக்கணும். அப்பதான் ஒரு சொட்டு கீழ சிந்தாது."

சொன்னபடியே என் தாடையைத் தூக்கினார். துண்டால் என் நாக்கைப் பிடித்து இழுத்தார். அக்கா என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு வாய் ஊற்றினாள். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் விழுங்க முடியாது என்பதை நான் அப்போதுதான் கண்டுபிடித்தேன். தண்ணீர் போகக்கூடாத பாதையில் போயிற்று. கண் பிதுங்க, மூக்கால் தண்ணீர் வர, தறியைப் பிடித்துக்கொண்டு இருமினேன், இருமினேன். கழுத்தில் தொங்கிய கருவி ஓடிக்கொண்டிருந்தது. அன்று கிடைத்த ஒரே தரமான இருமல் என்னுடையதுதான். லில்லி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் நிலைமையை அந்த இடத்தில் முழுதாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

ஆரோக்கியசாமியின் கையிலிருந்து துண்டு நழுவியது. மெதுவாகச் சொன்னார். முந்தாநாள் மழையில் நனைந்த மல்லாட்டைக் கொடியைத் தின்று லில்லிக்கு வயிறு உப்பிவிட்டது. அன்று விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்லி ஒரு பாட்டில் நல்லெண்ணெய் ஊற்றினாராம்.

செல்வராணி அவரை வெறித்துப் பார்த்தார். "நீங்களும் ஊத்துனீங்களா?"

"நீயுமாடி ஊத்துன?"

ஆரோக்கியசாமி வயலுக்குப் போன பிறகு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட கஷாயத்தைச் செல்வராணி ஊற்றியிருக்கிறார். பிடித்தது அதே பக்கத்து வீட்டுக்காரர். டாக்டரிடம் சொன்னால் திட்டு விழும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக அவர் வாயை அடைத்துவிட்டிருந்தார்கள். வேலியில் இப்போது ஆள் இல்லை. எது உள்ளே போனது, எண்ணெயா கஷாயமா என்று கணவன் மனைவிக்குள் வழக்கு தொடங்கியது.

"ரெண்டுந்தான்" என்று அக்கா அதை முடித்தாள். "இப்ப ஆளுக்கொரு பக்கம் புடிங்க, ஊசி போடணும்."

வயிற்றில் கன்று இருப்பதால் எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, தீனியையும் தண்ணீரையும் அதுவாக எடுக்கும்படி வைக்கச் சொன்னாள். இனி யாரும் எதையும் ஊற்றக்கூடாது. தண்ணீர்கூட.

மருந்து எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க அக்கா அங்கேயே தங்கினாள். நான்கு மணிக்குத் தரகரின் மினி லாரி சரியாக வந்து நின்றது. பலகையைக் கீழே இறக்கும் சத்தம் கேட்டதும் செல்வராணி அக்காவிடம் திரும்பினார்.

"பொழைக்குமா டாக்டரம்மா?"

"உறுதியா சொல்ல முடியாதுங்க. எண்ண போன நுரையீரல். மூணு நாள்ல தானா தீனி எடுத்தா பொழைச்சிக்குவா. ஆனா இது ஒட்டுற நோய் இல்ல. கிடேரிக்குப் பயம் இல்ல."

ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தார். தரகர், இன்றைக்கு இந்த விலை, நாளைக்கு இதுவும் இல்லை, ஊரே தொண்டை அடைப்பான் என்று பேசிக்கொள்கிறது என்றார்.

செல்வராணி லில்லியின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார். "அது நாங்க ஊத்தன வியாதிங்க. நாங்களே பாத்துக்கறோம். வண்டிய எடுங்க."

தரகர் புகைத்துக்கொண்டிருந்த பீடியை எறிந்துவிட்டு அருமையாக ஒரு இருமல் இருமினார். நான் கருவியை நீட்டியதை அவர் ரசிக்கவில்லை.

கிளம்பும்போது ஆரோக்கியசாமியின் போனில் என் எண்ணைப் போட்டு, லில்லி இருமினால் பதிந்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் அரை நிமிட இருமல் வந்தது. கேட்கவே கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த நாள் எதுவும் வரவில்லை. நான் அன்று வேலையில் செய்த தவறுகளை நிறுவனம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் காலை ஒரு பதிவு வந்தது. கரக், கரக், கரக் என்று ஒரே சீரான ஓசை. நடுவில் மணி ஆடும் சத்தம். புது நோய் என்று பயந்து செயலியில் போட்டேன். என் இருமலையும் லாரி இருமலையும் கேட்டு வளர்ந்த அந்தச் செயலிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு அனுப்பினேன்.

"அச போடுறாடா. காலையில அவளா ரெண்டு வாய் புல்லு எடுத்துட்டாளாம். தேறிக்கினு வர்றா" என்று பதில் வந்தது.

அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். கூடத்தில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பக்கூட இல்லை. என்ன இருமல் என்று கேட்டேன்.

"அவர் இருமட்டும். ரெண்டாவது காபி கேக்காம இருந்தார்னாதான் நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்."

இந்த முறை யோசனை வந்தபோது வாயில் நுரை இல்லை, தோசை இருந்தது. இருமலுக்குக் காத்திருப்பது வீண். இருமல் வருவதற்குள் நோய் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு முன்பே மாடு அசை போடுவதைக் குறைத்துவிடும் என்று அக்கா சொல்கிறாள். அப்படியானால் கேட்க வேண்டியது இருமலை அல்ல, கரக் கரக் எப்போது நிற்கிறது என்பதை.

அடுத்த சனிக்கிழமை ஒரு கழுத்துப் பட்டையோடு மறுபடி வல்லம் போகிறேன். செல்வராணி அனுமதி கொடுத்துவிட்டார். லில்லியின் மணியை மட்டும் கழற்றக்கூடாதாம். ஆகவே மணிச் சத்தத்துக்கு நடுவே அசை போடும் சத்தத்தைப் பிரித்தெடுக்கச் செயலிக்கு இப்போது பாடம் நடக்கிறது. பழைய சட்டை துவைத்து வைத்தாயிற்று. அக்கா முதலிலேயே சொன்னதைக் கேட்டு, இம்முறை வாயை மூடிக்கொண்டுதான் போவேன்.