அப்பா அடித்த மாவு

வடமதுரையில் பெரியம்மா வீட்டு வாசலில் அப்பா நின்ற காட்சியை நினைத்தால் இன்றைக்கும் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். இரும்புக் கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் உள்ளே கால் வைக்கவில்லை. பெரியம்மா என்னை மட்டும் பார்த்து, "வா தாயி" என்றார். அப்பாவை வா என்று சொல்லவில்லை. அவர் சொல்லமாட்டார் என்பது தெரிந்துதான் அப்பா அங்கே வந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியம்மா என் அம்மாவின் உடன்பிறந்த அக்கா. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் திண்டுக்கல் வீட்டு வாசலில் அவரும் இதேபோல நின்றிருக்கிறார். அப்போது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. நாட்டு மருந்திலேயே சரியாகிவிடும் என்று அப்பா நம்பினார். மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பெரியம்மா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா வாசல் நிலையில் கையை ஊன்றி வழியை மறித்துக்கொண்டு, "எம் பொண்டாட்டிய எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க கெளம்புங்க" என்றார். உள்ளே படுத்திருந்த அம்மா, "அக்கா சத்தம் கேக்குதே" என்று என்னிடம் முனகினாள். நான் ஓடி வந்து பார்த்தபோது கார் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு அப்பாவே பதறிக்கொண்டு அம்மாவை மதுரைக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அடக்கத்துக்கு வந்த பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் எரிந்துபோன மோட்டார்களெல்லாம் அவரிடம்தான் வரும். தண்ணீர் இல்லாமல் பயிர் காயும் அவசரத்தில் சம்சாரிகள் அவர் முன்னால் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். அவர் யாரிடமும் போய் நின்றதில்லை. அப்படிப்பட்டவரைத்தான் என் பத்தாவது பிறந்தநாள் கேக் பெரியம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அது அம்மா வீட்டு வழிக் கேக். கருப்பட்டிப் பாகு, நன்றாகக் கனிந்த சிறுமலைப் பழம், நாட்டுக்கோழி முட்டை, நெய், மணத்துக்குக் கொஞ்சம் சாதிக்காய். அலுமினிய அண்டாவில் மணலைச் சுடவைத்து, அதற்குள் மாவுச் சட்டியை இறக்கி, மூடியின் மேல் கங்கு பரப்பி வேகவைப்பார்கள். அம்மா இறந்த வருடம் அப்பா பேக்கரியில் ரோஸ் நிறப் பூ வைத்த கேக் வாங்கி வந்தார். நான் அதன் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வருடம் அம்மா செய்கிற கேக்தான் வேண்டும் என்று கேட்டேன். பிறந்தநாளுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்து அவரே செய்து பார்த்தார். மாவை ஒழுங்காகத்தான் அடித்தார். நெருப்புதான் அவருக்குப் பிடிபடவில்லை. மேலே கரி, உள்ளே பச்சை மாவு. சட்டியைக் கவிழ்த்துவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பட்டறையைத் திறக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வடமதுரைக்குப் பஸ் ஏறினார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளைக்குப் பொறந்தநாளு. அவ அம்மா செய்ற கேக்கு கேக்குறா. நான் செஞ்சு பாத்தேன், எனக்கு வரல மதினி. நீங்கதான் செஞ்சு குடுக்கணும்."

அவர் குரல் அப்படித் தழைந்து நான் கேட்டதில்லை. கேக்கே வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியம்மா பழச் சீப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மாவு கரைத்த ஒரு பெரிய சட்டியும் மரக்கரண்டியும் இருந்தன. வாசல் வேப்பமரத்தடியில் பலகையைப் போட்டு, "உக்காந்து அடிங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்றார்.

அப்பா உட்கார்ந்து அடித்தார். சட்டியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரே பக்கமாகச் சுழற்றி அடித்தார். இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. வலது கை ஓய்ந்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். எங்கள் பட்டறைக்கு வந்து போகிற சம்சாரி. "என்ன மோட்டார்க்காரரே, இங்க உக்காந்து மாவு கிண்டுறீக?" என்று சிரித்தார். "பிள்ளைக்குப் பொறந்தநாளு" என்று சொல்லிவிட்டு அப்பா தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுப்படிக்கு ஓடி, "போதுமா பெரியம்மா?" என்று கேட்டேன். அவர் அண்டாவில் மணலைப் பரப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இன்னும் பதம் வரணும்" என்றார். செத்த நேரம் கழித்து மறுபடி போய்க் கேட்டேன். அதே பதில்தான்.

அந்தக் கேக் அம்மா செய்தது போலவே இருந்தது. மேலே லேசாக வெடித்து, கருப்பட்டி மணத்தோடு. பெரியம்மா அதை வாழை இலையில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார். பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இருட்டுவதற்குள் வீடு வந்து, வெட்டி, ஒரு துண்டை அவர் வாய்க்கு நீட்டினேன். "எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் மட்டும் வடமதுரைக்குப் போய் வந்தேன். பெரியம்மாவிடமிருந்து அந்தக் கேக்கைக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், கருமாதிகளில் பெரியம்மாவும் அப்பாவும் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பா அந்தக் கேக்கைத் தொட்டதே இல்லை. என் பிள்ளைகள் கேட்டால் சர்க்கரை வியாதி என்பார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

போன வருடம் அப்பாவுக்கு எண்பது நிறைந்தது. கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் வந்திருந்தாள். தாத்தாவுக்கு நம் வீட்டுக் கேக்தான் என்று பிடிவாதம் பிடித்தாள். இப்போது மணலும் கங்கும் இல்லை, ஓவன்தான். பெரியம்மாவை அவர் மகன் காரில் கூட்டி வந்தான். நடை தளர்ந்துவிட்டது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. எல்லோரும் பாட, அப்பா கேக்கை வெட்டினார். மகள் ஊட்டப் போனபோது, "தாத்தாவுக்கு இது ஆகாதும்மா" என்று தடுத்துவிட்டு, முன்வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி சாப்பிட்டாரா?" என்று பெரியம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"சாப்பிட்டாரு பெரியம்மா."

"பொய் சொல்லாத தாயி. ஒரு துண்டு வெட்டிக் குடு."

தட்டை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே போனேன். அப்பா எழப் பார்த்தார். பெரியம்மா அவரைக் கையமர்த்திவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டை அப்பாவின் மடியில் வைத்தார்.

"அன்னைக்கு மாவு எப்பவோ பதத்துக்கு வந்துருச்சு தம்பி" என்றார் பெரியம்மா. "நாந்தான் நிறுத்தச் சொல்லல. ஊரு பாக்கட்டும்னு உக்கார வச்சேன். பிள்ளை ரெண்டு தடவை வந்து போதுமானு கேட்டுச்சு. இன்னும் ஆகணும்னு பொய் சொன்னேன். அந்தப் பிள்ளை மொகத்தப் பாக்க இம்புட்டு வருசமா எனக்கு வெக்கமா இருக்கு."

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எனக்குத் தெரியும் மதினி" என்றார். "அவ அடிக்கிறத எத்தனையோ தடவை பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எப்ப பதம் வரும்னு எனக்குத் தெரியாதா? நீங்க நிறுத்தச் சொல்லிருவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டே அடிச்சேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குக் கூசியது. பெற்றவரை அப்படிப் பார்த்துவிட்டோமே என்றிருந்தது. உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். சற்றுப் பொறுத்து அப்பா தண்ணீர் கேட்டார். கொண்டுபோனபோது தட்டில் பாதிக் கேக் குறைந்திருந்தது. வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் மென்றுகொண்டிருந்தார். நான் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினேன். அவரும் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார்.