பாஷாணக் கொட்டகைப் பலகை

ஆம்பூர்க்காரர்களுக்குக் கண் இல்லை என்பது சுப்பராயனின் தீர்ந்த முடிவு. இருபது வருஷமாக அந்த ஊரில் கடைப்பலகை எழுதியே வயிறு வளர்த்தவன் அவன். பட்டணத்துச் சித்திரப் பள்ளியில் ஒன்றரை வருஷம் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவன். அப்பா செத்ததும் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினான். அந்த ஒன்றரை வருஷத்தை வைத்துக்கொண்டு அன்றிலிருந்து ஊரைக் கேவலமாகப் பார்த்தான்.

கேவலமாகப் பார்க்க அவனுக்குக் காரணமும் கிடைத்துக்கொண்டேயிருந்தது. குடியாத்தத்துக் கைலி வியாபாரி ஒருவன், ரங்கூனுக்குப் போகும் கட்டுகளில் ஒட்டுகிற சீட்டில் மயில், யானை, மோட்டார் கார் மூன்றும் வேண்டும் என்றான். "காரை மயில் ஓட்டணுமா, யானை ஓட்டணுமா?" என்று சுப்பராயன் கேட்டான். வியாபாரி நிஜமாகவே யோசித்து, "யானையே ஓட்டட்டும், பாக்க கனமா இருக்கும்" என்றான். மூக்குப்பொடிக் கடைக்காரன், கஜலட்சுமிக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளையில் எழுத்துப் போட்டால் தாலியறுத்தவள் வீடு மாதிரி இருக்கிறது என்று பலகையைத் திருப்பி அனுப்பினான். சுப்பராயன் மஞ்சள் கரை கட்டிக் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தான். படம் என்றால் படம். அதில் இத்தனை சடங்கு சாத்திரம் எதற்கு என்பது அவன் கேள்வி.

1926ஆம் வருஷம் மாசி பிறந்ததும் முனீர் அகமது சாயபு அவனுக்கு ஆள் அனுப்பினார். பாலாற்றங்கரையில் அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. காய்ந்த தோலைப் பூச்சி அரிக்கிறது என்று சீமையிலிருந்து புகார் வந்திருந்ததால், சரக்கு வாங்கும் கம்பெனியின் ஏஜெண்டு துரை பட்டணத்திலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். கூடவே இரும்புப் பீப்பாய்களில் வெள்ளைப் பாஷாணமும் வந்து இறங்கியது. விபூதி போல நைசான தூள். அதைத் தண்ணீரில் கரைத்துத் தோலில் பூச வேண்டும். வாயில் பட்டால் ஆள் காலி. ஆற்றோரம் தனியாக ஒரு கொட்டகை போட்டுப் பீப்பாய்களை அதில் அடுக்கினார்கள்.

"படிக்கத் தெரியாத ஜனம். எழுத்து உதவாது. சிவப்புப் பலகையில் வெள்ளையாக மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. உலகம் பூராவும் இதுதான் அடையாளம். குழந்தைக்குக்கூடப் புரியும்" என்று துரை இங்கிலீஷில் சொல்ல, சாயபு தமிழில் சொன்னார்.

சுப்பராயனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. யானையும் மயிலும் கேட்காத ஒரு மனுஷனை அவன் அன்றுதான் பார்த்தான். எட்டு நாள் உட்கார்ந்து எழுதினான். கண்குழியின் நிழல், கன்னத்து எலும்பின் மேடு, பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக. ரத்தச் சிவப்பு அடித்தளம். துரை பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். ஆம்பூரில் தனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு என்று அதை அவன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாசி அமாவாசை வந்து போயிற்று. அன்றுதான் மயானக் கொள்ளை. அங்காளம்மனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஜனம் பாலாற்று மணலில் உள்ள சுடுகாட்டுக்குப் போகும். சாமி ஆடுகிறவர் முகமெல்லாம் குங்குமம், கையில் கபாலம். அவர் இறைக்கிற சாம்பலைப் பெண்கள் முந்தானையில் ஏந்தி முடிந்துகொள்வார்கள். தீராத நோய்க்கும் பிள்ளையில்லாத வயிற்றுக்கும் அது மருந்து. சுப்பராயன் அந்தக் கூட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது.

அது கழிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, பலகைக்கு வார்னிஷ் பூசக் கொட்டகைக்குப் போனான். மண்டையோட்டின் நெற்றியில் குங்குமம் அப்பியிருந்தது. மேலே வேப்பிலை செருகியிருந்தது. கீழே அறுத்த எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கரி. எட்டு நாள் உழைப்பில் புகை படிந்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது.

அங்கே கங்கம்மாள் நின்றிருந்தாள். தோல் அலசுகிற வேலை அவளுக்கு. புருஷன் வேலாயுதம் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஆள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை.

"ஆசாரி, நீங்க எழுதுனதா இது?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அங்காளம்மா தானே? எங்க ஆளுங்க சில பேரு இல்லன்றாங்க. கூட வேலை செய்யற வேதக்கார மரியம்மா சிரிக்கிறா. எழுதுன கை உங்களுது, உங்களக் கேட்டா தெரியும்னு வந்தேன்."

சொல்லியிருக்கலாம். இது விஷம், கிட்டப் போகாதே என்று இரண்டு வார்த்தை போதும். ஆனால் சுப்பராயன் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், கை பிசுபிசுத்தது, மனசு முழுக்க எரிச்சல். இவளுக்குப் போய் விளக்கம் சொல்வதா என்றிருந்தது.

"ஆமாம்மா, சாட்சாத் அங்காளம்மாவேதான். நல்லா விழுந்து கும்புடு. கேட்டதெல்லாம் குடுப்பா" என்றான்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் வீடு போகிற வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான். டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தான்.

மறுநாள் விடிந்ததும் கங்கம்மாள் குளித்து ஈரத்துணியோடு போனாள். பீப்பாயிலிருந்து கரைக்க எடுக்கும்போது சிந்திய தூள் வாசலில் படிந்திருந்தது. சிவப்புக்கு நடுவே கபாலம், காலடியில் வெள்ளைச் சாம்பல். எழுதியவனே சாமி என்று சொல்லிவிட்டான். நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று சிட்டிகை என்றால் அன்றே முடிந்திருக்கும்.

உச்சிப்பொழுதுக்குள் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. காலரா என்று சேரியே அலறியது. வேலாயுதம் அவளை ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நெற்றியில் மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டபிறகுதான் விஷயம் தெரிந்தது. நாற்பது நாள் கிடந்தாள். உயிர் நின்றது. தலைமயிர் கொத்துக் கொத்தாகப் போய்விட்டது, இரண்டு பாதமும் மரத்துவிட்டன.

செய்தி கேட்டுத் துரை கடுதாசி எழுதினார். இந்த ஜனங்கள் கல்லையும் கும்பிடும், கரியையும் கும்பிடும், நாம் என்ன செய்ய முடியும் என்பது அதன் சாரம். மண்டையோட்டை இன்னும் பெரியதாக எழுதச் சொல்லியிருந்தார். சாயபு கடுதாசியை மடித்துக்கொண்டே, "பெரிய பேஜாரா போச்சு சுப்பராயா. பெரிசா எழுதிடு" என்றார். கொட்டகைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து மூடினால் வேலை கெடும் அல்லவா.

சுப்பராயன் பெரிய பலகைக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தபோது வேலாயுதம் வந்து நின்றான்.

"அவ உன்னப் பாக்கணுமாம். வர்றியா?"

சேரிக்குள் அவன் கால் வைத்ததில்லை. போனான். கங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தலையில் துணி சுற்றியிருந்தது. அவள் மறந்திருப்பாள் என்று அவன் வழி நெடுக நம்பிக்கொண்டு வந்திருந்தான்.

"நீங்கதானே ஆசாரி சொன்னீங்க, அங்காளம்மான்னு."

அவன் விரலில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தேய்த்து உதிர்த்தான்.

"வெளையாட்டுக்குச் சொன்னீங்கன்னு ஆஸ்பத்திரில படுத்துகிட்டு யோசிச்சப்பதான் தெரிஞ்சுது. சிரிச்சிருப்பீங்க."

"நான்... அது வந்து, உலகம் பூரா அதுக்கு அதான் அடையாளம். சாவுன்னு அர்த்தம்."

"எந்த உலகம்? பல்ல காட்டி சிரிக்குது அது. சிரிக்கிற மூஞ்சி யாரைத் தொரத்தும்? செவப்பு வேற அடிச்சி வச்சிருக்கீங்க. கல்யாணத்துக்கு செவப்பு, அம்மாவுக்கு செவப்பு. கால்ல வெள்ளையா துண்ணூறு. வேற இன்னான்னு நெனைப்பா ஒருத்தி?"

சுப்பராயனுக்கு மூக்குப்பொடிக் கடைக்காரன் நினைவு வந்தான். மனசுக்குள் அவனை இன்னொரு தடவை திட்டப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் கேட்டான், "இன்னா எழுதியிருந்தா நீ கிட்டப் போயிருக்க மாட்டே?" இருபது வருஷத்தில் பலகையைப் பற்றி அவன் யாரிடமும் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் யோசிக்கவே இல்லை. "செத்தவங்க காலு. கட்டவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவாங்களே, அது. கபாலம் சாமி கைக்குப் போயிடுச்சி, அது கிட்ட பயமில்ல. கட்டுன கால் நம்ம வூட்டுலதான் கெடக்கும். எங்க அம்மா அப்பிடிதான் கெடந்தா. அதை யாரும் கும்புட மாட்டாங்க."

"பாய்ங்க வூட்டுல?"

"அவங்களும் கட்டுவாங்க. மரியம்மா வூட்டுலயும் கட்டுவாங்க. கேட்டுப் பாருங்க, எனக்கு இன்னா."

மறுநாள் அவன் வர்ணமும் பலகையும் அவள் வீட்டுக்கே கொண்டுபோனான். மனசிலிருந்து வரைய வரவில்லை. மூன்று தடவை அழித்தான். கங்கம்மாள் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, பழைய வெள்ளைத்துணியில் ஒரு நாடா கிழித்துத் தன் கட்டைவிரல்களைத் தானே சேர்த்துக் கட்டிக்கொண்டு காலை நீட்டினாள்.

வேலாயுதம் பதறிப்போனான். "உசுரோட இருக்கிறவ கட்டலாமா? அவுறுடி."

"கட்டுனா இன்னா? கட்டிகீறேனா இல்லியான்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். "ஆசாரி, நீங்க எழுதுங்க."

வேலாயுதம் வெளியே போய்விட்டான். சுப்பராயன் எழுதினான். பித்தவெடிப்பு, சுண்ணாம்பு தின்ற நகம், நடுவில் முடிச்சு. எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"குதிகால் இவ்ளோ வழவழன்னு இருக்காது. துரைசானி கால் மாதிரி கீது. சரி பண்ணுங்க."

வேறொருத்தர் சொல்லியிருந்தால் தூரிகையை வீசியிருப்பான். அன்று சரி பண்ணினான். பின்னணி முழுக்கக் கரிக் கறுப்பு. பொட்டுச் சிவப்புகூட எங்கேயும் இல்லை.

சாயபு அதைப் பார்த்ததும் முதலில் தம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "மூஞ்சி இல்ல, அதனால மார்க்கப்படி எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இதை தெனம் பாத்துகிட்டு எப்பிடிய்யா வேலை செய்வாங்க?" என்றார். செய்யவில்லைதான். பலகை ஏறிய மறுநாளே கொட்டகைப் பக்கம் ஈ காக்காய் இல்லை. பாஷாணம் கரைக்கிற ஆட்கள் கைக்குத் துணியும் வாய்க்குத் துணியும் கொடுத்தால்தான் உள்ளே போவோம் என்று நின்றுவிட்டார்கள். வேலை நின்றதும் சாயபுவுக்குப் புத்தி வந்தது. துணி கொடுத்தார், சுற்றுச்சுவர் எடுத்தார், கதவுக்குப் பெரிய பூட்டும் வாங்கினார். ஒருத்தி சாகப் பிழைக்கக் கிடந்தபோது தோன்றாத பூட்டு அது.

ஆடியில் துரை மறுபடி வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இது என்ன, செருப்புக் கடை விளம்பரமா? நல்ல ஊரில் நல்ல விளம்பரம். மண்டையோடு எங்கே?" என்று கேட்டார். சாயபு தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

சுப்பராயன் துரையின் பளபளக்கும் பூட்ஸைப் பார்த்தான். இந்த மனுஷன் தட்டியதற்காக மாதக்கணக்கில் முதுகை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே என்று உடம்பு கூசியது.

"துரைக்குப் புரியலன்னா பரவால்லன்னு சொல்லுங்க பாய். அவரு இங்க வந்து பீப்பாயைத் தொறக்கப் போறதில்ல."

சாயபு அதை என்னவாக மாற்றிச் சொன்னாரோ, துரை திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மோட்டாரில் ஏறிக்கொண்டார்.

கங்கம்மாள் திரும்ப வேலைக்கு வரவில்லை. மரத்துப்போன காலோடு ஈரக் கல்லில் நிற்க முடியாது. மாதனூரில் அண்ணன் வீட்டுப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் போய், மணிலாக்கொட்டை போடுகிற நிலத்தில் கூலிக்கு நின்றார்கள். பிள்ளை பிறக்கவில்லை. சுப்பராயன் ஒரே ஒரு தடவை அங்கே போனான். மன்னிப்புக் கேட்கப் போனவன், மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசினான். அவளும் மழையைப் பற்றியே பேசினாள். கிளம்பும்போது, "இன்னாத்துக்கு வந்தீங்கன்னு தெரியும். போய்ட்டு வாங்க" என்றாள்.

அதற்குப்பின் பத்து வருஷம் பலகை எழுதினான். சோடாக்கடை, சைக்கிள் கடை, வாலாஜாபேட்டை ஜவுளிக்கடை வரைக்கும். ஆணி அடிப்பதற்கு முன்னால் பலகையைத் தெருவில் சாய்த்துவைத்துவிட்டு, போகிற வருகிறவர்களை நிறுத்தி, "இது உனக்கு இன்னான்னு தோணுது?" என்று கேட்பான். கூடை சுமக்கிறவள், வண்டிக்காரன், யாராக இருந்தாலும் சரி. கடைக்காரர்கள் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பதில் சொன்னவர்களில் பாதிப் பேரை முட்டாள் என்று திட்டித்தான் அனுப்பினான், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் திட்டிவிட்டு, பலகையை உள்ளே எடுத்துப் போய்த் திருத்தினான்.