பாதை வளையும் இடம்

“இந்தப் பாதை ஏன் இந்த இடத்துல மட்டும் வளையுது?”

நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேடம் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய படுக்கை விரிப்பு தரையில் விரிந்து கிடந்தது. அதில் எங்கள் குடியிருப்பின் நாலு கட்டடங்கள், பின்னால் இருக்கும் திடல், திடலுக்கு அந்தப் பக்கம் பஸ் ரோடு எல்லாவற்றையும் நீலச் சாயத்தில் வரைந்திருந்தோம். தூரிகை பிடித்தது நான். கட்டடத்திலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை நேராக இழுத்து, நடுவில் வயிறு மாதிரி வளைத்து, மறுபடியும் நேராக்கியிருந்தேன்.

“அங்கே மரம் ஏதாவது இருக்கா?”

“இல்ல மேடம்.”

“பள்ளம்? தண்ணி தேங்குமா?”

“ஒண்ணும் இல்ல. வெறும் புல்லு.”

“அப்புறம் ஏன்?”

நான் முழித்தேன். நான் நடக்கக் கற்றுக்கொண்டதே அந்தப் பாதையில்தான். அது வளைகிறது என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் நின்றிருந்த பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விரிப்பின் ஓரத்தில் இருந்த சுருக்கத்தைக் காலால் நீவிக்கொண்டிருந்தாள்.

இது அந்தப் பெரியம்மாவின் கதை. அம்மாவுடைய அக்கா. எங்களோடு கீழ்த்தள வீட்டில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை உதறி, உருளை இயந்திரத்தில் விட்டு, இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று முனையோடு முனை சேர்த்து மடிப்பாள். அவள் கைகளில் எப்போதும் சலவைத் தூள் வாசனை இருக்கும். வீட்டில் துண்டு கோணலாகத் தொங்கினால்கூட அவளுக்குப் பொறுக்காது. எழுந்து வந்து நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். பெரியப்பா எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று கேட்டால் அம்மா, “போடி, பாத்திரத்தைக் கழுவு” என்பாள். இரண்டு முறை கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரமும் சுத்தமாகிவிடும்.

எங்கள் குடியிருப்பில் இருப்பவர்கள் முன்பு ஆற்றங்கரை ஓரம் ஒரே இடத்தில் இருந்தவர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த இடத்தைக் காலி செய்து இங்கே கொண்டுவந்தார்களாம். பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் யாராவது ஒருவர் வெயிலைப் பற்றி ஆரம்பிப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நகரத்தின் புதிய நிலத் திட்ட வரைவை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் தெருத் தெருவாக அளந்துகொண்டிருந்த சமயம். நான்தான் பெரியம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எங்கள் திடல் இருந்த இடத்தில் மஞ்சள் கட்டம் போட்டு ‘காலி இடம்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ‘லாரி நிறுத்துமிடமாக மாற்றப்படும்’. சுற்றிலும் மதில் வந்துவிட்டால் பஸ் ஏறப் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டிகள் பறக்கிற ரோடு அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

பெரியம்மா லாரி என்ற சொல்லைப் பார்க்கவே இல்லை. ‘காலி இடம்’ என்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அங்கேயும் இப்படித்தான் எழுதினாங்க” என்றாள், என்னிடம் அல்ல, சுவரிடம்.

மறுநாள் சலவைக்கூட மேலங்கியைக்கூடக் கழற்றாமல் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். தனி ஆள் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது, பகுதிவாசிகள் குழு அமைத்து, நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று வரைந்து கொடுத்தால் விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்று அந்த மேடம் சொன்னாராம். பெரியம்மா திரும்பி வரும்போதே, கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள்.

குழு என்று சொன்னால் யார் வருவார்கள்? கூடம் கிடையாது, நாற்காலி கிடையாது. பெரியம்மா படிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படிக்கட்டுக்கு ஒரு குழு. சாயங்காலம் அவரவர் மாடியிலிருந்து இறங்கி வந்து ஆளுக்கொரு படியில் உட்கார வேண்டியதுதான். அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வந்தவர்கள் திடலைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். வாயைத் திறக்காதவர்களுக்கு டீ கிடையாது.

மாடியில் ஹாரன் தாத்தா என்று ஒருவர். பழைய லாரி டிரைவர். காது மந்தமானதால் அவர் ரகசியம் பேசினால் நாலு கட்டடத்துக்கும் கேட்கும்.

“குழுவா? என்னையெல்லாம் யாரும்மா சேத்துக்குவாங்க? கடைசியா என்னைச் சேத்துக்கிட்டது ஆஸ்பத்திரிதான்.”

“நாங்க சேத்துக்கறோம் மாமா. படியில வந்து உக்காருங்க, போதும்.”

“வாழ்க்கை பூரா லாரி ஓட்டினவன். லாரிக்கு இடம் குடுக்காதேன்னு நானே சொல்லணுமா?”

“ஓட்டினவர்தானே? பக்கத்துல இன்ஜின் உறுமினா தூங்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க.”

“டீயில சக்கரை தூக்கலா இருக்கணும்” என்றார் தாத்தா.

மளிகைக் கடை அண்ணன் முதலில் பிடி கொடுக்கவில்லை. லாரிக்காரர்கள் வந்தால் கடைக்கு வியாபாரம் கூடும் என்பது அவர் கணக்கு. அவருடைய மகள் அந்தத் திடல் வழியாகத்தான் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குப் போகிறாள் என்று பெரியம்மா நினைவூட்டினாள். அதன் பிறகு எல்லோரையும்விட அதிகமாக அலைந்தவர் அவர்தான்.

மேடம் படத்தைப் பார்க்க வந்து, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம் படிக்கட்டில் ஒரே கலகலப்பு. ஏன் வளைகிறது? பாம்புப் புற்று இருந்திருக்கும் என்றார் மாடி வீட்டு டெய்லர் அக்கா. நாங்கள் சின்ன வயதில் அந்த வளைவை ‘வயிறு’ என்றுதான் சொல்வோம், பந்து அதற்குள் விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி எடுத்து வருவோம் என்றேன் நான். யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

ஹாரன் தாத்தா தொண்டையைக் கனைத்தார். “விஷயம் சின்னது. நாம குடிவந்தப்போ இடுப்பளவு புல்லு. எவனோ குடிச்சுட்டு தள்ளாடிக்கிட்டே முதல்ல நடந்திருக்கான். அவன் மிதிச்ச தடத்துலயே நாம எல்லாரும் போயிட்டு இருக்கோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். அம்மா, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. பெரியம்மா மட்டும் விரிப்பின் முனையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை நாளன்று குழுவுக்கு ஐந்து பேராக அலுவலகத்துக்குப் போனோம். நீள மேஜை. மூலையில் ஒரு மின்விசிறி கழுத்து சுளுக்கியது மாதிரி ஒரே பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மேடத்துக்குப் பக்கத்தில் தலைமை அதிகாரி. நரைத்த தலை, மெதுவான பேச்சு. விரிப்பை விரித்து ஒவ்வொருவரும் பேசினோம். அவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டார். கடைசியில், லாரி நிறுத்துமிடத்தைத் திடலின் ஒரு பாதிக்குள் அடக்கிக்கொள்ளலாம், பாதையைப் பொது வழியாக அறிவித்து டைல்ஸ் போட்டுத் தரலாம் என்றார்.

மளிகைக் கடை அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஒண்ணே ஒண்ணு” என்று மேடம் பென்சிலை எடுத்தார். “இந்த வளைவு லாரி வர்ற வாசல்ல இடிக்குது. பாதையை நேரா போட்டுட்டா இன்னிக்கே முடிச்சுடலாம்.” எங்கள் படத்தில் அந்த வயிற்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “குழுத் தலைவி கையெழுத்துப் போட்டுடுங்க.”

பெரியம்மா பேனாவை வாங்கினாள். பிறகு மேஜையில் வைத்தாள்.

“நேரா வேணாம்.”

“அக்கா, என்னக்கா?” என்றார் மளிகைக் கடை அண்ணன். “கைக்கு வந்ததை ஒரு வளைவுக்காக விடறதா? என் பொண்ணு அந்தப் பெரிய ரோட்டுல நடக்கணுமா?”

“நேரா போகக் கூடாது.”

“ஏம்மா?” என்று தலைமை அதிகாரி கேட்டார். அதட்டலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பெரியம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. “அங்கே கிணறு இருக்கு” என்றாள்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

“பழைய இடத்துல வீட்டை விட்டு இறங்கினா முன்னால கிணறு. அதைத் தாண்டித்தான் பஸ் ரோடு. எனக்கு அப்பவும் விடியற்காலை வேலைதான். குட்டிப்பையன் தூங்கிட்டு இருப்பான், தங்கச்சிகிட்ட விட்டுட்டுப் போவேன். ஒரு நாள் முழிச்சிருக்கான். அம்மா போறது தெரிஞ்சு என் பின்னாடியே வந்திருக்கான். இருட்டு. நான் திரும்பிப் பாக்கல. நான் கிணத்தோரமா ஒட்டி நேரா போனேன். அவனும் நேரா வந்திருக்கான்.”

எனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்புறம் அங்கே இருந்தவரைக்கும் அந்தக் கிணத்தைத் தள்ளி, சுத்தித்தான் போவேன். இடத்தைக் காலி பண்ணினப்போ மண்ணு போட்டு மூடினாங்க. அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. காலி இடம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இங்கே வந்த முதல் நாள் விடியறதுக்கு முன்னாடி புல்லுல இறங்கினேன். கொஞ்ச தூரத்துல கப்பி உருள்ற சத்தம் கேட்டுச்சு, கிணத்துல வாளி இறங்கற மாதிரி. இங்கே ஏது கிணறு? தெரியும். ஆனாலும் கேட்டுச்சு. என் பின்னாடி யார் யாரோ வேலைக்கு வந்துட்டிருந்தாங்க. வர்றவங்க யாரும் நேரா போயிடக் கூடாதுன்னு நான் சுத்திப் போனேன். அன்னிலேருந்து முதல்ல போறது நான்தான். சுத்தித்தான் போறேன்.”

ஹாரன் தாத்தாவுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தள்ளாடியபடி முதலில் நடந்தது யார் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

தலைமை அதிகாரி பென்சிலை உருட்டினார். “எனக்கும் பேரன் இருக்கான்மா. ஆனா இல்லாத கிணத்தை நான் எப்படி வரைபடத்துல காட்டுறது?”

“இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் தாத்தா. முதல் தடவையாக அவர் குரல் சின்னதாக இருந்தது. “நான் தினமும் அதைச் சுத்தித்தானே போறேன்?”

“நானும்தான்” என்றார் மளிகைக் கடை அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. “என் பொண்ணும்.”

பெரியம்மா அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பேனாவை எடுத்தாள்.

“நேராவே போடுங்க சார். வாசல் இடிச்சுதுன்னு இதை நிறுத்திடாதீங்க. இவன் பொண்ணு பெரிய ரோட்டுல நடக்க வேணாம். ஆனா காலி இடம்னு மட்டும் எழுதாதீங்க.”

அவள் கையெழுத்துப் போட்டாள். மேடம் அந்த இரண்டு சொற்களை அடித்துவிட்டு, ‘மக்கள் பயன்பாட்டில் உள்ள இடம்’ என்று எழுதி எங்களுக்குப் படித்துக் காட்டினார். பஸ் பிடித்துத் திரும்பினோம். வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். “சொல்லிட்டேன்டி” என்றாள் பெரியம்மா. அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். தங்கச்சியிடம்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்பதை அப்போதுதான் நான் யோசித்தேன்.

மழைக்காலத்துக்கு முன்பே டைல்ஸ் போட்டார்கள். முதல் நாள் விடியற்காலையில் பெரியம்மாவுடன் நானும் போனேன். பாதை சலவை விரிப்பின் ஓரம் மாதிரி நேராக இருந்தது. அந்த இடம் வந்ததும் அவள் நின்றாள். காலைத் தூக்கினாள், திரும்ப வைத்தாள். பிறகு டைல்ஸை விட்டு இறங்கி, ஈரப் புல்லில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினாள். நான் நேராகப் போகலாம் என்றுதான் நினைத்தேன். என் கால் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

போன குளிர்காலத்தில் பெரியம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். படிக்கட்டுக் குழுக்கள் இன்னும் கூடுகின்றன. தண்ணீர்க் குழாய் எங்கே வர வேண்டும், விளக்கு எங்கே என்று பேசுகிறார்கள். திடலில் லாரிகள் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. பாதையின் டைல்ஸ் முழுக்கத் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது, நடுவில் அந்த ஓர் இடத்தைத் தவிர. யார் காலும் படாமல் அங்கே பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. பக்கத்துப் புல்லில் பழைய வளைவு மறுபடியும் விழுந்துவிட்டது.

போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டுச் சின்னப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினான். அந்த இடம் வந்ததும் தானாக இறங்கிச் சுற்றினான்.

“ஏன்டா அப்படிப் போறே?” என்று கேட்டேன்.

மேடம் கேட்டபோது நான் முழித்த மாதிரியே அவனும் முழித்தான். “தெரியலக்கா” என்றான்.

அவனைப் படிக்கட்டில் உட்காரவைத்துக் குட்டிப்பையனைப் பற்றிச் சொன்னேன். அன்று முதல் விடியற்காலையில் எனக்கும் சில நாள் அந்தக் கப்பிச் சத்தம் கேட்கிறது. எனக்கு அது பயமாக இல்லை. அங்கே நடப்பவர்கள் ஏன் சுற்றிப் போகிறோம் என்று தெரியாமல் நடப்பதுதான் பயமாக இருக்கிறது. அதனால், இதைப் படிக்கிற நீங்கள் இதை உங்களோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். யாராவது ஒரு நாள் பென்சிலோடு வந்து அந்த வளைவைக் காட்டிக் கேட்டால், பதில் சொல்ல ஒருத்தராவது அங்கே நிற்க வேண்டும்.