மாற்றாமல் விட்ட வலது பக்கம்

ஆலங்குடியில் அரசமரம் பேருந்து நிறுத்தம் தாண்டி, தகரக் கொட்டகையில் கார் பழுதுபார்ப்பவர் அய்யாக்கண்ணு. வயது ஐம்பத்து மூன்று. எவரிடமும் குரலை உயர்த்தத் தெரியாதவர். அதை நற்குணம் என்று ஊர் சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முந்திரி வியாபாரி செம்மலின் காரில் சில நாட்களாக அடியில் டக் டக்கென்று சத்தம். திருப்பினால் ஸ்டியரிங் ஆடியது. வெள்ளிக்கிழமை காலை டிரைவர் சேரன் காரைக் கொண்டுவந்தான். அய்யாக்கண்ணு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு சக்கரங்களையும் கழற்றி, உலுக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. சக்கரத்தைத் தாங்கிப் பிடித்து, இரு பக்கமும் திரும்ப விடுகிற மூட்டு அது. கூடவே ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்டும் போயிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதுச் சாமான் வாங்கியாயிற்று. இடது பக்கம் மாட்டி முடித்த நேரத்தில் செம்மல் வந்தார், அம்மாவோடு. கந்தர்வக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

"முடிஞ்சுதாண்ணே?"

"இடது பக்கம் முடிஞ்சுருச்சுங்க. வலது பக்கந்தான் இன்னும் மோசம். ஒரு மணி நேரம் கொடுத்தீங்கன்னா மாட்டிருவேன்."

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கெளம்பணும். சத்தம் இடது பக்கந்தானே வந்துச்சு? சாமானை டிக்கியில போடுங்க, நாளைக்குப் பாக்கலாம்."

சேரன் ஒரு வழி சொன்னான். "மொதலாளி, நீங்களும் அம்மாவும் ரோட்டுல பத்தடி நடந்து நின்னுக்கங்க. கெளம்புன கணக்குத்தானே. அண்ணன் மெதுவா முடிக்கட்டும்."

"ராகுவையே ஏமாத்தப் பாக்குறியா? ஒனக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தாண்டா சம்பளம். பஞ்சாங்கத்தை நான் பாத்துக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அய்யாக்கண்ணுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது சக்கரத்தை எடுத்து, தேய்ந்த மூட்டின் மேலேயே மாட்டி, நட்டுகளை முடுக்கினார். "மெல்லப் போ தம்பி" என்று மட்டும் சேரனிடம் சொன்னார்.

ராகுவைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த மூட்டின் ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் கையால் தொட்டுப் பார்த்திருக்கலாம். இல்லாததற்கு நேரம் ஒதுக்கினார்கள். இருப்பதற்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

கந்தர்வக்கோட்டைக்குச் சற்று முன்னே, முந்திரித் தோப்பு ஓரத்து வளைவில், வலது மூட்டு கழன்று சக்கரம் மடங்கியது. கார் புளியமரத்தில் மோதியது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்திருந்த சேரனுக்கு வலது முழங்கால் நொறுங்கியது.

மறுநாள் செம்மல் கொட்டகைக்கு வந்தார்.

"போலீசு கேப்பாங்கண்ணே. வேலை முடியுறதுக்குள்ள டிரைவர்தான் அவசரப்பட்டு வண்டியை எடுத்துட்டான்னு சொல்லிருங்க. நம்ம சொந்தக்காரவுக வண்டி அம்புட்டும் ஒங்ககிட்டதானே வருது." போகும்போது நின்று, வருத்தத்தோடு இதையும் சொன்னார்: "கெளம்புறப்ப பத்தரை தாண்டி ரெண்டு நிமிசம் ஆயிருச்சு. அதுதாண்ணே காரணம்."

ராகு காலத்தைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினார். படுத்துக்கிடந்த கூலிக்காரன் மேல் வழக்கு விழுவதற்கு அந்த நம்பிக்கை குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் அதிலுள்ள வசதி.

காவலர் வந்தபோது அய்யாக்கண்ணு, "வண்டியை யாரு எடுக்கச் சொன்னாங்கன்னு நான் கவனிக்கலைங்க" என்றார். கண்மூடித்தனமாக ஓட்டியதாகச் சேரன் மேல் வழக்குப் பதிவானது. உரிமம் போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பொற்கொடி யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. மறு வாரம் தானாகவே காவல் நிலையம் போய் நடந்ததைச் சொன்னார். முதலில் ஏன் மறைத்தீர் என்று நிற்க வைத்துக் கேட்டார்கள். நின்றார். வழக்கிலிருந்து சேரன் பெயர் விலகியது. செம்மல் வீட்டாரின் வண்டிகள் வேறு பட்டறைக்குப் போயின. அதற்காக அவர் வருந்தவில்லை.

சேரனின் முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் அது. உரிமம் மிஞ்சியது, தொழில் மிஞ்சவில்லை.

அய்யாக்கண்ணு அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனார். சேரன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பொற்கொடி நாற்காலி போட்டாள்.

"ஸ்டேசன்ல உண்மையச் சொன்னீங்கண்ணே. ஆரு சொல்லுவா இந்தக் காலத்துல."

"லேட்டாத்தானே தம்பி சொன்னேன்."

"அது பரவால்ல." சேரன் காலைத் தடவிக்கொண்டான். "அன்னைக்கு அந்தச் சக்கரத்தை மாட்ட மாட்டேன்னு கீழ வச்சுட்டு நின்னிருந்தீங்கன்னா, அவரு நம்ம ரெண்டு பேரையும் நல்லா வைஞ்சிருப்பாரு. வைஞ்சா வைஞ்சுட்டுப் போறாருண்ணே. ரெண்டு நாள்ல மறந்து போயிருக்கும்."

பொற்கொடி கொடுத்த தேநீரை அய்யாக்கண்ணு வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருந்தார்.