ஆயுத பூசைக்குச் சுற்றாத காற்றாலை

“காத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும் கண்ணு?” என்று என்னைக் கேட்டவர் என் மாமாவின் முதலாளி. எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவள் அப்போது நான்தான்: ஆறாம் வகுப்பு.

மாமா அருள்புரத்தில் அந்த முதலாளியின் பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர். முதலாளி தாராபுரம் பக்கம் ஒரு காற்றாலை வாங்கியதும், மாமாவைப் பயிற்சிக்கு அனுப்பி அதற்கு ஆபரேட்டர் ஆக்கினார். ஹெல்மெட்டோடு வந்து இறங்கிய மாமாவுக்கு வீட்டில் ஆரத்தியே எடுத்தார்கள். வேலை நிரந்தரமா என்பதை மட்டும் முதலாளி ஆயுத பூசைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

பூசையன்று நானும் மாமாவோடு போயிருந்தேன். முதலாளி தன் புதுச் சம்பந்தியையும் காரில் கூட்டி வந்தார். மாமா காற்றாலையை நிறுத்தி, கோபுரக் கதவுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டியிருந்தார். இறக்கை எட்டாததால் மாலை கதவின் கைப்பிடிக்குப் போனது. பூசணிக்காய் உடைத்ததும், பனியன் கம்பெனி வழக்கப்படி, “ம், ஒரு சுத்து ஓட்டுப்பா” என்றார் முதலாளி.

மாமா பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கைகூப்பியபடி அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

“எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுல வாங்குனீங்களா?” என்றார் சம்பந்தி.

“காத்து இல்லீங்க மொதலாளி” என்றார் மாமா.

“அத்தனை நாள் ட்ரெய்னிங் அனுப்புனனே, காத்துக்கு என்ன பண்றதுன்னு சொல்லித் தரலையா?”

“ஆடி மாசம் வந்திருந்தா சுத்தியிருக்குமுங்க” என்றேன் நான். அப்போதுதான் முதலாளி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாமா அவசரமாக என் வாயில் ஒரு பிடி பொரியைத் திணித்தார்.

“நாளைக்கே கட்டிங்குக்கு வந்து சேரு!” என்று முதலாளி போட்ட சத்தத்தில் சோளக்காட்டுக் காக்கைகள் கிளம்பின. கூடவே, மழைக்கு இருட்டிக்கொண்டிருந்த மேற்கிலிருந்து காற்றும் கிளம்பியது. சம்பந்தியின் துண்டு பறந்து வேலியில் மாட்டியது. இறக்கைகள் மெல்ல அசைந்து, சுற்றத் தொடங்கின.

முதலாளி மீசையைத் தடவினார். “பாத்தீங்களா சம்பந்தி? அதட்டுனாத்தான் வேலை நடக்கும்.” மாமாவிடம் திரும்பி, “நீ இங்கியே இருந்துக்க. தெனமும் இப்படித்தான் வேலை வாங்கோணும்” என்றார்.

“சரீங்க மொதலாளி. விடிஞ்சதும் ஒருக்கா அதட்டிப்போடறேனுங்க.”

எனக்குப் பொரி புரையேறியது. பயிற்சி பெற்ற மனிதர் இப்படியா ஒத்துக்கொள்வார்? ஊர் வரும்வரை மாமாவோடு பேசவில்லை. அவரோ பஸ் ஜன்னல் பக்கம் திரும்பித் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். தோற்றுப்போய் அசடு வழிகிறார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.

டிப்ளமோ முடித்து இப்போது காற்றாலைப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். அங்கே கொடுத்த உடுப்பு ஆண்களின் அளவு. மாமா மாதிரியே ‘சரீங்க’ என்று வாங்கிக்கொண்டு, நேற்றே அதன் கையையும் காலையும் பிரித்து, என் அளவுக்குத் தைத்துவிட்டேன்.