பாடகர் வாய் திறக்கும் முன்

ஓபரா என்ற மேல்நாட்டு இசைநாடகம் நடக்கும் அரங்கில் அவளுக்கு எழுத்தக்கா என்று பெயர். பாடுவது வேற்று மொழி. அதன் அர்த்தத்தை மேடைக்கு மேலே உள்ள பலகையில் வரிவரியாக ஒளிரவிடுவது அவள் வேலை. பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்பே வரி வந்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மேலாளர் குதிகுதி என்று குதிப்பார். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. கண் எரிச்சல், கழுத்து வலி... போதும்டா சாமி!

வீட்டில் புருஷன். பக்கவாதம் வந்து கையும் நாக்கும் விழுந்துவிட்டன. மனுஷன் சரியான சினிமாப் பைத்தியம். கல்யாணமான புதிதில் இருவரும் ஆரம்பித்த விளையாட்டு ஒன்று உண்டு: அன்றைய ஓபராவை ஒரு சினிமா இயக்குநர் மேடையேற்றினால் எப்படி இருக்கும் என்று அவள் சொல்லணும், எந்த இயக்குநர் என்று அவர் கண்டுபிடிக்கணும். எல்லாருக்கும் இவர்கள் வைத்த பட்டப்பெயர்தான். எதற்கெடுத்தாலும் மழையைக் கொட்டவைப்பவர் மழைக்காரர். நாலு கார் வெடிக்காமல் படத்தை முடிக்காதவர் வெடிகுண்டு. ஆளை மணிக்கணக்கில் சும்மா உட்காரவைப்பவர் மௌனசாமி.

ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. ஆனால் தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் "வெ..." என்று இழுப்பதற்குள் இவள் "வெடிகுண்டு! கரெக்ட்!" என்பாள். "த..." என்றால் தண்ணீர்க் குவளையோடு ஓடிவருவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களே பேசிட்டா அவர் எதுக்குப் பேசணும்? இப்படியே போனா இருக்கிற பேச்சும் நின்னுடும்."

பொறுக்க முடிந்தால்தானே! அவர் திணறுவதைப் பார்த்தாலே இவள் வாய் தானாக முந்திக்கொள்ளும். போன வாரத்திலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று பகல் காட்சி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"கதாநாயகி சாகப்போறா. ஜன்னல் திறந்திருக்கு. அவன் வந்து பக்கத்துல உட்கார்றான்..."

அதற்குமேல் உடம்பில் தெம்பில்லை. மழை இனிமேல்தான் வரவேண்டும். பாதியில் விட்டுவிட்டு அப்படியே கிடந்தாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ம்..." என்றார் அவர்.

மழைக்காரர் என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் அலுப்பாக இருந்தது.

"ம்... மௌ..." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "மௌன... சாமி."

சும்மா கிடந்த அவளைக் கண்ணால் காட்டி, கோணிய வாயால் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"ஏங்க, முன்னெல்லாம் தினமும் 'த...'ன்னு இழுப்பீங்களே. தண்ணிதானே கேட்டீங்க?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப என்ன?" என்று கேட்டவள், தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.